முப்பதில் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு என்றால் செண்பகவல்லிக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க வேண்டும், யாராவது பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தால் தொண்டையைச் செருமிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிற இந்தப் பயிற்சி மையத்தில் வருடக்கணக்காக அவள் இப்படி நடந்துகொண்டிருக்கிறாள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குக் கணக்கும் புதிரும் சொல்லிக்கொடுப்பவள். பையன்கள் முகத்துக்கு நேரே மேம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சுருக்குவழி செண்பகம் என்பார்கள், அது அவளுக்கும் தெரியும், கேட்டால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். நாற்பத்து மூன்றைப் பதினொன்றால் பெருக்கச் சொன்னால் நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏழைச் செருகி நானூற்று எழுபத்து மூன்று என்பாள். தொண்ணூற்றேழைத் தொண்ணூற்றெட்டால் பெருக்கு என்றால் நூறுக்கு இது மூன்று குறைவு, அது இரண்டு குறைவு, தொண்ணூற்றைந்து, பக்கத்தில் பூஜ்யம் ஆறு, ஒன்பதாயிரத்து ஐந்நூற்று ஆறு. கேட்கிறவன் வாயை மூடுவதற்குள் விடை வந்துவிடும். இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வருகிறது. முதல் பெஞ்சுப் பையனின் பதிவு எண் ஏழால் வகுபடும். சன்னல் வழியே தெரிகிற லாரியின் எண்ணில் நாலு இலக்கத்தையும் கூட்டினால் ஒன்பது. மின்விசிறி சுற்றுகிறது, பேனாக்கள் விடைத்தாளில் வட்டங்களைக் கருப்பாக்குகிற சத்தம் கேட்கிறது, கீழிருந்து வெல்லப்பாகு காய்கிற வாசனை ஏறி வருகிறது. முன்பெல்லாம் அந்த வாசனைக்காகவே சீக்கிரம் வருவாள். இந்த இரண்டு மாதமாக அது வயிற்றைப் புரட்டுகிறது. புரட்டலாம், வயிற்றில் பிள்ளை இருக்கிறது, புரட்டத்தான் செய்யும். கல்யாணமாகிப் பதினோரு வருடத்துக்குப் பிறகு இருக்கிறது. மேசை மேல் கைப்பை, கைப்பைக்குள் செல்பேசி. பன்னிரண்டு மணிக்குள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். நாளைக்கு வருகிறாளா, இல்லையா என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஒரு வார்த்தை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, அதுதான் பிரச்சினை. போன திங்கள்கிழமை டாக்டரம்மா அறையில், கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் அவளும் அவள் புருஷன் அய்யாத்துரையும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் விளாத்திகுளம் தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டுகிறவன், லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார். உங்க வயசையும் ஸ்கேனையும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தா, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு முப்பதுல ஒண்ணுன்னு காட்டுதும்மா, இருக்குன்னு அர்த்தம் இல்ல, உறுதியாத் தெரியணும்னா வயித்துல ஊசி போட்டுக் குழந்தையைச் சுத்தி இருக்கிற தண்ணியக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கணும், அதுல கரு கலையுற ஆபத்து கொஞ்சம் உண்டு, இருநூறுல ஒண்ணுன்னு வச்சுக்குங்க, அதைவிடக் குறைவாவும் இருக்கலாம், நீங்க ரெண்டு பேரும். அவ்வளவுதான் சொன்னார். நீங்க ரெண்டு பேரும் என்பதற்குப் பிறகு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செண்பகம், சரி எடுத்துரலாம் டாக்டர் என்றாள். முப்பதில் ஒன்று, இருநூறில் ஒன்று. மேலே இரண்டிலும் ஒன்று. மேலே சமமாக இருந்தால் கீழே சிறியது எதுவோ அதுதான் பெரிய பின்னம். ஆறாம் வகுப்புக் கணக்கு. பெரிய ஆபத்து எது, முப்பதில் ஒன்று. சின்ன ஆபத்து எது, இருநூறில் ஒன்று. பெரியதைத் தெரிந்துகொள்ளச் சின்னதை ஏற்கலாம். ஆறே முக்கால் மடங்கு என்றுகூட மனசு ஓடியது, பிறகு இல்லை, ஆறும் மூன்றில் இரண்டும் என்று திருத்திக்கொண்டது. டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அய்யாத்துரையும் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையே அங்கே நடக்கவில்லை. நாளைக்கு ஊசிக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள், முதல் நாள் கூப்பிட்டு உறுதி கேட்பார்கள் என்றார்கள், வெளியே வந்து இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள்.

காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை, வேறு ஒன்றும் உள்ளே நடக்கவும் இல்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இல்லாமல் போகுமே, அப்படி நெஞ்சுக்குள் ஒரு பக்கம் கிடக்கிறது, தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி தெரியவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருவன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு மேலே பார்க்கிறான். ரயில் கணக்காக இருக்கும். நூற்றைம்பது மீட்டர் நீள ரயில் பாலத்தைக் கடக்கிறது, பாலத்தின் நீளத்தோடு ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்னாலும் மறந்துவிடுவார்கள். வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கொடுத்திருக்கும், நேரம் நொடியில் கேட்டிருக்கும், அப்படியே வகுத்துவிட்டுப் பல்லைக் காட்டுவார்கள். அலகைப் பாருங்கப்பா, அலகு ஒண்ணா இல்லாத ரெண்டை ஒப்பிடக் கூடாது, கிலோவையும் மீட்டரையும் தராசுல வைப்பீங்களா என்று அவள் கத்துகிற கத்தல் கீழே மிட்டாய்க் கடைக்குக் கேட்கும். கத்துகிறவளுக்கு மதுரையிலிருந்து திரும்புகிற பேருந்தில், சாத்தூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது. மேலே இருக்கிற ஒன்றும் ஒன்றும் ஒரே ஒன்றா. இந்த ஒன்று ஒரு பிள்ளை, வந்து பிறந்து, மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, இவள் மடியில் உட்காருகிற ஒரு பிள்ளை. அந்த ஒன்றும் ஒரு பிள்ளைதான், ஆனால் அது வரவே வராது. இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்த்துவிட்டாள். ஒரு பையன் இப்படிப் போட்டிருந்தால் விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு இழுப்பு இழுத்திருப்பாள். பக்கத்து இருக்கையில் அய்யாத்துரை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வேறொரு டிரைவர் ஓட்டுகிற வண்டியில் அவனுக்குத் தூக்கமே வராது, பிரேக் போடுகிற இடத்திலெல்லாம் அவன் காலும் தன்னால் அழுந்தும். அன்றைக்குக் கால் அழுந்தியது, கண் திறக்கவில்லை.

பை, பந்து. இன்றைய தாளிலும் ஒரு பை, பந்து கணக்கு இருக்கிறது, இல்லாமல் எப்படி. நிகழ்தகவு என்றாலே ஒரு பையில் இத்தனை வெள்ளைப் பந்து, இத்தனை கருப்புப் பந்து. வகுப்பில் அவள் மஞ்சப்பையில் ஒன்பது வெள்ளையும் ஒரு கருப்புமாகச் சட்டைப் பித்தானைப் போட்டு நிஜமாகவே எடுக்கச் சொல்லுவாள், பையன்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். போன வருடம் ஒருவன், முத்தழகோ என்னவோ பேர், கையை விட்டு ஒரு பித்தானை எடுத்து மூடிக்கொண்டு நின்றான். இப்ப கருப்பா இருக்க வாய்ப்பு எவ்வளவு மேம் என்று கேட்டான். பத்துல ஒண்ணு என்றாள். எடுத்தாச்சே மேம், இனிமே என்ன பத்துல ஒண்ணு, கருப்புன்னா கருப்பு, வெள்ளைன்னா வெள்ளை, நம்ம கைய விரிக்கல, அவ்வளவுதானே என்றான். எல்லாரும் சிரித்தார்கள். விவரமாப் பேசாதல, உக்காரு, பரீட்சையில அதுக்கெல்லாம் மார்க் கிடையாது என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். எடுத்தாயிற்று. அதுதான் இந்த வாரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறது, தறியில் நூல் சிக்கின மாதிரி. எடுத்தாயிற்று. முப்பது பிள்ளைகள் எங்கேயும் வரிசையாக நிற்கவில்லை. முப்பது செண்பகவல்லிகள் இல்லை. இருப்பது இவள் ஒருத்தி, உள்ளே இருப்பது ஒன்று, அது என்னவோ அதுவாக எப்போதோ ஆகிவிட்டது. இவள் வாந்தி எடுத்தபோதும் அது அதுதான், மாங்காய் கேட்டபோதும் அது அதுதான். முப்பதில் ஒன்று என்பது பிள்ளையைப் பற்றிய கணக்கே இல்லை. இவளுக்குத் தெரியாததைப் பற்றிய கணக்கு. தெரிந்துவிட்டால் அந்த எண் போய்விடும். தெரிந்துவிட்டால் பிறகு என்ன. பிறகு என்ன என்ற இடத்தில் எண் ஒன்றும் வருவதில்லை, மேலே போக வழியில்லாமல் மறுபடி மேலே இரண்டிலும் ஒன்று, கீழே சிறியது எதுவோ என்று ஆரம்பித்துவிடுகிறது.

"மேம்."

மூன்றாவது பெஞ்சில் மாரிச்செல்வி எழுந்து நின்றிருந்தாள். கல்யாணமாகிக் கைப்பிள்ளையோடு பரீட்சைக்குப் படிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் புருஷனையும் பிள்ளையையும் கீழே கடை வாசலில் உட்கார்த்திவிட்டு மேலே வருவாள். கீழே ஒரு குழந்தை அழுவது அப்போதுதான் செண்பகத்துக்குக் கேட்டது. கொஞ்ச நேரமாகவே அழுதிருக்கும்போல.

"மேம், போயிட்டு வந்துரட்டுமா? பாலுக்கு அழுறான். அவர்கிட்ட நிக்க மாட்டான்."

நடுவில் எழுந்து போகக் கூடாது என்று விதி போட்டவளே செண்பகம்தான்.

"நேரம் கூட்டித் தர மாட்டேன்" என்றாள்.

"வேண்டாம் மேம்" என்று சொல்லும்போதே அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

போய்விட்டாள், செண்பகத்தின் தலைக்குள் அவளுக்காகக் கணக்கு ஓடுகிறது. கால்மணி நேரம் போனால் ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம் வீதம் இருபது கேள்வி போச்சு, இருபதில் பாதியாவது சரியாக வருமென்றால் பத்து மார்க், போன பரீட்சையில் அவள் தவறவிட்டது அரை மார்க்கில். இதையெல்லாம் போட்டுப் பார்க்காமலா இறங்கிப் போனாள். போட்டே பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திறந்து கிடக்கிற கேள்வித்தாளில் தவளைக் கணக்கு இருக்கிறது. முப்பதடிக் கிணறு, பகலில் மூன்றடி ஏறும், இரவில் இரண்டடி வழுக்கும், எத்தனையாவது நாள் வெளியே வரும். எல்லாரும் முப்பது என்பார்கள், ஒரு நாளைக்கு ஓரடி, முப்பதடிக்கு முப்பது. இருபத்தெட்டுதான். இருபத்தேழு நாளில் இருபத்தேழடி, அடுத்த நாள் மூன்றடி ஏறினால் விளிம்பு, விளிம்புக்கு வந்த தவளை ஏன் வழுக்கப்போகிறது என்று அவள் சொல்லும்போது வகுப்பே ஓ என்று சொல்லும். விளிம்புக்கு வந்த தவளை ஏன் வழுக்கப்போகிறது. வழுக்கும். பதினோரு வருடத்தில் இரண்டு தடவை விளிம்புக்கு வந்து வழுக்கியிருக்கிறது. முதல் தடவை நாகலாபுரம் திருவிழாவுக்கு முன்னால், இரண்டாம் தடவை அய்யாத்துரைக்கு இந்தத் தடம் கிடைத்த சமயத்தில். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான், காக்கிச் சட்டையோடு அழுதான். அவள்தான் தோளைத் தட்டினாள். அடுத்த வாரம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கூட்டு வட்டி நடத்தினாள். அழாத பொம்பளை என்று நாத்தனார் சொன்னதும் காதில் விழுந்தது. இந்தத் தடவை இரண்டு கோடு தெரிந்தபோதும் அவன்தான் அழுதான், அவள் பிரசவத் தேதியைக் கணக்குப் போட்டாள்.

அவனுக்குக் கணக்கு வராது. டிக்கெட் கணக்கெல்லாம் கண்டக்டர் பாடு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் சித்தப்பா ஒருவர், கணக்கு படிச்ச பொண்ணாமே, அறுபத்தஞ்சை அறுபத்தஞ்சால பெருக்கும்மா பார்ப்போம் என்று நக்கலாகக் கேட்டார். காப்பித் தட்டைக் கீழேகூட வைக்காமல் நாலாயிரத்து இருநூத்து இருபத்தஞ்சு என்றாள். சித்தப்பா பேனாவைத் தேடினார். அய்யாத்துரை விழுந்து விழுந்து சிரித்தான், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அப்படிச் சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை போல. பிறகு அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வான், டெப்போவில் சக டிரைவர்களிடம், என் வீட்டுக்காரி வாயைத் திறந்தா விடைதான் என்பான். அந்த மனுஷன் இந்த வாரம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். நேற்று ராத்திரி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஏதோ சொல்ல நின்றவன், விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். பயந்துபோய் இருக்கிறான் என்று நினைத்தாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவனை யார் கேட்டார்கள். நீங்க ரெண்டு பேரும் என்று ஆரம்பித்தாரே டாக்டரம்மா, அதன் மிச்சம் அதுவாகத்தான் இருந்திருக்கும், நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க. அந்த வாக்கியம் முடியவே இல்லை, அந்த அறையில் இன்னும் அப்படியே நிற்கிறது.

வெயில் சன்னல் கம்பியைத் தாண்டி மூன்றாவது பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மாரிச்செல்வி திரும்பி வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி விட்ட இடத்திலிருந்து வட்டங்களைக் கருப்பாக்க ஆரம்பித்தாள், நெற்றியில் வேர்வை, தோளில் புடவை ஈரம். செண்பகம் அவளைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள். பயம் எது என்று இப்போது ஓரளவு தெரிகிறது, தெரிந்தும் அது பயமாக வந்து தைக்கவில்லை, மரத்துப்போன இடத்தில் குத்துகிற முள் மாதிரி இங்கே இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறது. ஊசிக்குப் பயமில்லை. பிள்ளைக்குப் பயமா என்றால், அந்தப் பிள்ளைக்கும் பயமில்லை போலத்தான் இருக்கிறது, நினைத்துப் பார்க்கும்போது கணக்குதான் வருகிறது, முகம் வரவில்லை. பயம் அவளுக்கு அவளிடமே. நாளைக்கு ஊசி போடுவார்கள், அப்புறம் கொஞ்ச நாளில் முடிவு வரும், அதே கண்ணாடி மேசைக்கு முன்னால் போய் உட்காருவார்கள், இருக்கும்மா என்று டாக்டரம்மா சொல்லுவார், இனி என்ன செய்யறதுன்னா என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பிப்பார், அது முடிவதற்குள் அவள் வாயிலிருந்து ஒன்று வந்து விழும். சரி எடுத்துரலாம் டாக்டர். ஊசியைச் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில், பிள்ளையைச் சொல்லுவாள். அது சரியா தப்பா என்று பிறகு சாத்தூர் தாண்டி உறைக்கும். மற்றவர்கள் யோசித்து, அழுது, சாமியைக் கேட்டு, புருஷனோடு சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தால் அது அவர்கள் முடிவு. அதில் தப்பு சொல்ல அவள் யார். ஆனால் இவள் முடிவு எடுக்கப்போவதில்லை, விடைதான் சொல்லப்போகிறாள். மூன்றை அடித்துவிட்டு நான்காவதைக் கருப்பாக்குகிற மாதிரி. இத்தனை வருடம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தானே, யோசிக்காதே, யோசித்தால் நேரம் போகும், பார்த்த உடனே கை போக வேண்டும். அவளுக்குக் கை போகிறது. அதை நிறுத்தத் தெரியவில்லை. நூறிலிருந்து எண்பத்தெட்டு பன்னிரண்டு குறைவு, எண்பத்தெட்டின் வர்க்கம் ஏழாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு, யார் கேட்டார்கள் இதை, நிறுத்து.

கைப்பை மேசை மேல் நடுங்கியது. செல்பேசியை எடுத்துக்கொண்டு, கடைசி பெஞ்சுப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாடிப்படி முனைக்கு வந்தாள்.

"செண்பகவல்லி மேடம்ங்களா? நாளைக்குக் காலைல உங்களுக்கு ப்ரொசீஜர் இருக்கு. வர்றீங்கதானே?"

சரி என்ற வார்த்தை நாக்கில் வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தையை நிறுத்துகிற பொம்பளையை அந்த மதுரைப் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

"கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடறேன்மா. வீட்டுக்காரர்கிட்ட இன்னும் கேக்கல."

"இன்னும் கேக்கலையா மேடம்?"

"இல்லம்மா, கேக்கல."

அய்யாத்துரை இந்நேரம் விளாத்திகுளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பான். ஓட்டும்போது எடுக்க மாட்டான், நின்றிருந்தால் எடுப்பான். கூப்பிட்டாள். எடுத்தான்.

"என்ன செண்பகம், உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. நாளைக்கு வாரீங்களான்னு."

"சரின்னுட்டியா?"

"சொல்லல. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன்."

அந்தப் பக்கம் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் குரல், ஒரு ஹார்ன்.

"என்கிட்ட என்ன கேக்கப்போற" என்றான். "நீதான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டியே."

"என்ன முடிவு பண்ணேன்?"

"அந்தம்மா சொல்லி வாய மூடல, எடுத்துரலாம்ன. எனக்கு அங்கனயே தெரிஞ்சு போச்சு. அப்படி ஒரு பிள்ளைன்னா உனக்கு வேண்டாம்னு." அவன் குரல் கோபமாக இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நான் உன்னைக் குத்தம் சொல்லல. சுமக்கிறவ நீ. பாக்கப்போறவ நீ. நான் வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன். அதான் வாயத் திறக்கல."

படிக்கட்டுக் கைப்பிடிச் சுவர் வெயிலில் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை. இந்த வாரம் முழுக்க, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுக்கொண்டு, ஒரே வீட்டில், பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருத்தியோடு இந்த மனுஷன் இருந்திருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டுதான் தண்ணீர்ச் செம்பை வைத்தான்.

"ஏங்க, நான் பிள்ளைய வேண்டாம்னு சொல்லல" என்றாள். "சத்தியமாச் சொல்லல. அவங்க ரெண்டு எண்ணைச் சொன்னாங்க. ரெண்டுல எது பெருசுன்னு பாத்தேன். சொல்லிட்டேன். பிள்ளைய நினைக்கவே இல்ல. எனக்கு அப்படித்தான் வருது, நான் என்ன செய்ய."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஊருக்கு வெளிய, பாலத்துக்கு முன்னால ஒரு பள்ளிக்கூடம் இருக்குல்லா" என்றான் பிறகு. "இந்த மாதிரிப் பிள்ளைங்க படிக்கிறது. இத்தனை வருசம் அதைத் தாண்டித்தான் போறேன், திரும்பிப் பாத்ததில்ல. இந்த வாரம் பூரா அங்கன வண்டிய மெதுவாத்தான் உருட்டுனேன். வண்டிக்குள்ள இருக்கிறவங்க எல்லாம் வையிறாங்க, என்ன டிரைவரே மாட்டுவண்டியா ஓட்டுறீருன்னு. பள்ளிக்கூட வாசல்ல ஒரு பொம்பளப்பிள்ள நிக்குது. பத்து வயசிருக்கும். வண்டியப் பாத்ததும் கையக் காட்டும். முந்தாநாள் நான் ஹார்ன் அடிச்சேன். அதுக்கு அவ்வளவு சிரிப்பு."

"அப்ப ஊசி வேண்டாமா?"

"எனக்கென்னமோ அந்த ஊசிதான் பயமா இருக்கு. ரெண்டு தடவ போயிருச்சு. இருநூறுல ஒண்ணுங்கிறாங்க, நமக்குன்னு வந்தா அந்த ஒண்ணாத்தானே வருது."

அப்படி ஒன்றும் இல்லை, முன்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது சார்பற்ற நிகழ்ச்சி என்று வகுப்பில் சொல்லுவாள். இப்போது சொல்லவில்லை.

"சரி, வரலைன்னு சொல்லிருதேன்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுதியா, இல்ல இதையும் சட்டுனு சொல்லுதியா?"

கேலியாக அவன் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் கேட்ட கேள்விகளிலேயே அவளுக்கு விடை தெரியாதது இதுதான். கீழே கடைக்காரர் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தார். மாரிச்செல்வியின் புருஷன் தோளில் போட்ட பிள்ளையோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான், பிள்ளை தூங்கியிருந்தது. செண்பகம் காத்திருந்தாள், அவனும் காத்திருந்தான். எண் எதுவும் வரவில்லை. மரத்துக் கிடந்த இடத்தில் முதலில் ஒரு குறுகுறுப்பு வந்தது, கால் மரத்துப்போய் ரத்தம் திரும்பும்போது வருமே, அது. அப்புறம் வலித்தது. நன்றாகவே வலித்தது, அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா இருக்குங்க" என்றாள். "எதுன்னாலும் பயமா இருக்கு. நம்ம வயசென்ன. நாளைக்கு நம்ம போயிட்டா அது யார்கிட்ட நிக்கும். அதைச் சொல்லத்தான் தெரியல எனக்கு. அழுகை வருது."

"அழு."

"ஊசி வேண்டாம். இது சட்டுனு சொல்லல. எதுவா வந்தாலும் நமக்குத்தானே வருது. முன்னாலயே தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன், என்னால அதை விட முடியாது. இப்பத்தான் தெரியுது, முடியாது."

"எனக்கும் பயம்தான்" என்றான் அய்யாத்துரை. "பயந்துக்கிட்டே வளத்துருவோம்."

கண்டக்டர் விசில் கேட்டது. வண்டிய எடுக்கணும் என்றான், ஆனால் கொஞ்ச நேரம் வைக்கவில்லை. வைத்த பிறகு செண்பகம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மதுரைக்குக் கூப்பிட்டாள். நாளைக்கு நாங்கள் வரவில்லை என்று சொன்னாள். அந்தப் பெண் சரிங்க மேடம் என்று சொல்லி ஏதோ தட்டிக்கொண்டே, டாக்டர் கேட்டா என்ன சொல்லட்டும் என்று கேட்டாள்.

"பிள்ளை பெத்துக்கப்போறோம்னு சொல்லும்மா" என்றாள் செண்பகம்.